பந்தியில் ஓர் இடம்

'பந்திக்கு முந்து' என்பது நம்மவர் வழக்கு. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் தயங்கி நிற்கலாகாது என்று அதற்குப் பொருள் சொல்வோம். ஆனால் முந்தவும் இயலாமல், பிந்தவும் இயலாமல், பந்தியின் ஓரத்தில் வெறுமனே நிற்கும் சிலர் நம் நடுவே உண்டு. அவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. இலையில் விழுவது அவர்தம் உடலுக்கு ஆகாது. ஒருவருக்குக் கோதுமை ஆகாது; ஒருவருக்குப் பால் ஆகாது; முட்டையும் வேர்க்கடலையும் ஆகாதவர்களும் உண்டு. "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நாம் உபசாரமாய் வற்புறுத்தும்போது, அவர்கள் சிரித்து மழுப்பி விலகிப் போகிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் தனிமையை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இவர்களைக் குறித்துப் பேசும்போது 'அலர்ஜி' என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். ஆனால் மருத்துவம் இவற்றைப் பிரித்தே காண்கிறது. உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையெனக் கருதி உடலின் காப்பாற்றல் உடனே எதிர்ப்பது ஒவ்வாமை. தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என அது விரைந்து வரும். சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கும். வேறு சிலருக்கோ உணவின் ஒரு பகுதியைச் செரிக்கும் ஆற்றல் குறைந்திருக்கும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க இயலாதவர் இவ்வகையினர். அவர்களுக்கு வயிறு உப்பும், பொருமும், போகும். ஆனால் உயிராபத்து இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது சீலியாக் நோய். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. பிறவியிலேயே அதற்கான இயல்பு அமைந்த சிலரில், இப்புரதம் உள்ளே சென்றதும் உடலின் காப்பாற்றல் தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டாது. இரத்தசோகை, ஓயாத வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைவு, எலும்பு நலிவு எனப் பல வேடங்களில் அது வெளிப்படும். இதற்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை முற்றிலும் விலக்குவதே மருந்து.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறே ஒரு தியானத்திற்குரியது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45இல், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் நிலவியது. ரொட்டி இல்லை. மக்கள் துலிப் மலர்ச் செடியின் கிழங்குகளைத் தோண்டித் தின்றார்கள். அந்நாட்களில் வில்லெம் கரெல் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் நோயுற்ற குழந்தைகளோ தேறினார்கள். நேச நாட்டு விமானங்கள் ரொட்டியைக் கொண்டுவந்து போட்டதும் அதே குழந்தைகள் மீண்டும் நோயில் வீழ்ந்தார்கள். கோதுமையே காரணம் என்று முன்பே அவர் கொண்டிருந்த ஐயம் உறுதியாயிற்று. 1950இல் தம் ஆய்வேட்டில் அதை நிலைநாட்டினார். பசித்த ஊருக்கு வானிலிருந்து வந்த அப்பம், அங்கே சில பிள்ளைகளுக்கு மட்டும் நஞ்சாயிற்று. நல்லது எல்லார்க்கும் ஒரே வடிவில் நல்லதாய் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லைப்புறத்தின் புதிய நோய்

'இது வடநாட்டார் நோய், நமக்கென்ன?' என்று கேட்கத் தோன்றும். ஓரளவு உண்மைதான். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, வடக்கில் ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கும் மேலாக இந்நோய் இருப்பதையும், தெற்கில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கே இருப்பதையும் காட்டியது. இந்நோய்க்கு இடந்தரும் பிறவி இயல்பு தெற்கிலும் குறைவில்லை. உண்ணும் கோதுமையின் அளவில்தான் பெருத்த வேறுபாடு என்பதையும் அவ்வாய்வு எடுத்துரைத்தது. நாள்தோறும் பரோட்டாவும் பேக்கரிப் பண்டமுமாய் மாறிவரும் நம் வீடுகளுக்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு.

ஆனால் ஒசூரில் வாழ்வோர்க்கு வடக்கு, தெற்கு என்னும் எல்லைக்கோடு ஏது? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த நாள் முதல், இந்த ஊர் வந்து சேர்ந்தவர்களின் ஊராகிவிட்டது. அத்திப்பள்ளியை எட்டினால் கர்நாடகம். ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வார்ப்படத் தொழிற்கூடங்களுக்கும் கட்டடப் பணிகளுக்கும் வந்தவர்களில் சோட்டா நாக்பூர் மலைநாட்டுக் கத்தோலிக்கர் பலர் உண்டு. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நின்று, நம் பாடல்களின் சொல் தெரியாமல் இராகத்தை மட்டும் முணுமுணுப்பவர்கள் அவர்கள்.

அத்தகைய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். ஒன்பது வயதுச் சிறுமி; புதுநன்மை வகுப்பில் இருந்தாள். வயதுக்குரிய வளர்த்தி இல்லை. முகம் வெளுத்து, வயிறு முன்தள்ளி இருந்தாள். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இறுதியில் பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையும், குடலுக்குள் குழாய் செலுத்திச் செய்யும் பரிசோதனையும் செய்து சீலியாக் என்றார்கள். பெயர் தெரிந்ததில் ஓர் ஆறுதல் இருந்தது. ஆனால் 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்ட மாவுப் பொட்டலத்தின் விலையைக் கடையில் பார்த்ததும் அந்த ஆறுதல் கரைந்தது. சாதாரணக் கோதுமை மாவைப்போல் பன்மடங்கு விலை! ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி மாவு, தனி ரொட்டி, தனி பிஸ்கட் என்றால் எங்கே போவது?

அந்த வார அன்பியக் கூட்டம் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டிலேயே நடந்தது. எலத்தகிரிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்து தங்கியிருந்த மூதாட்டி ஒருவர், இந்தப் பேச்சையெல்லாம் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நம்மைப் பார்த்து, "சாமி, இந்தக் கொழந்தைக்குக் கோதுமைதானே ஆகாது? நான் சின்ன வயசுல கோதுமையக் கண்ணால கூடப் பாத்ததில்ல. களி தின்னு, பத்து ஏக்கர் காடு கொத்தி, ஏழு புள்ள பெத்தேன். செத்தா போயிட்டேன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் மாலை ஒரு தூக்குப் போசியில் கேழ்வரகுக் களியும், பிதுக்கம்பருப்புக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தாய் போசியைத் திறந்து, களியின் நிறத்தையும் மணத்தையும் கண்டதும், அவருடைய அரைகுறைத் தமிழில், "ஃபாதர், இது எங்க ஊரு மடுவா!" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அவருடைய மாமியார் மலைக்கிராமத்தில் நாள்தோறும் மடுவா ரொட்டிதான் தட்டுவாராம். நகரத்துக்கு வந்தபின், அது ஏழைகளின் தீனி என்று விட்டுவிட்டார்களாம். விலையுயர்ந்த பொட்டலத்தில் தேடிய மாற்று, அவர்களது சொந்த அடுப்படியில் இருந்து, வெட்கத்தால் வெளியேற்றப்பட்ட ஒன்றாய் இருந்தது.

நிம்மதியோடு பேசிக்கொண்டிருந்த அவர், புறப்படும் வேளையில் மெல்ல ஒரு கேள்வி கேட்டார்: "ஃபாதர், கோயில்ல குடுக்கிறதும் கோதுமைதானே?" அந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம். முதலில் களியைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கல்லெனத் தள்ளிய தானியம்

கேழ்வரகு என்போம், கேப்பை என்போம், ராகி என்பதே இப்பகுதியில் பெருவழக்கு. களியைக் கன்னடர் முத்தே என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். பெயர் மூன்றாயினும் உருண்டை ஒன்றே. இது முதலில் நம் மண்ணுக்குரியதன்று. எத்தியோப்பியா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து, பன்னெடுங்காலத்துக்கு முன்பே கடல் கடந்து வந்து இங்கே வேரூன்றிய விருந்தாளி இது. எல்லைக்கு அப்பால் மாண்டியாவில், இலட்சுமணையா என்னும் அறிவியலாளர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து 'இந்தாஃப்' என்னும் உயர் விளைச்சல் இரகங்களை உருவாக்கினார். இந்தப் பக்கம், கிருஷ்ணகிரியை அடுத்த பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் தன் பங்குக்குக் கேழ்வரகு இரகங்களை வெளியிட்டுள்ளது. தமிழகத்தில் கேழ்வரகு மிகுதியாய் விளையும் மாவட்டங்களுள் கிருஷ்ணகிரி முன்னணியில் நிற்பது. தளி, தேன்கனிக்கோட்டைச் சாலைகளில், அறுத்த கதிரைப் பரப்பி, ஓடும் வண்டிச் சக்கரங்களால் மணி உதிர்ப்பதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். வண்டியின் வேகம் குறைவதற்காக முணுமுணுத்தும் இருக்கிறோம்.

இந்தத் தானியத்தில் குளூட்டன் இல்லை. அரிசியிலும், கம்பு, சோளம், தினை, சாமை, மக்காச்சோளத்திலும் இல்லை. இட்டிலி, தோசை, இடியாப்பம், புட்டு என நம் பாட்டிமாரின் சமையலில் பெரும்பகுதி, எந்த முத்திரையும் இல்லாமலேயே சீலியாக் நோயாளிக்கு ஏற்றது. கேழ்வரகுக்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூற்று நாற்பது மில்லிகிராமுக்கும் மேலான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; அதே எடைப் பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அச்சத்து முழுவதும் உடலில் சேராமல் தடுக்கும். ஊறவைத்து முளைகட்டினால் அந்தத் தடை குறையும். புரதம் நூற்றுக்கு ஏழளவே என்பதால், கொள்ளோ மொச்சையோ துவரையோ கீரையோ துணை வேண்டும். களிக்குக் கொள்ளுச் சாற்றையும் கீரைக் கடைசலையும் துணையாக்கிய நம் முன்னோர்க்கு ஊட்டச்சத்து நூல் தெரியாது; ஆனால் உடல் தெரிந்திருந்தது.

விலையையும் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு நடுவண் அரசு அறிவித்த கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோவுக்கு ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. சந்தையில் சற்றுக் கூடக் கொடுத்து வாங்கினாலும், அச்சிட்ட பொட்டலத்தின் விலைக்கு அருகே அது வராது. 2023இல் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள் வழியே, அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2020 அக்டோபர் முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடும் சேர்ந்திருப்பதால், வெளிமாநிலத் தொழிலாளரும் தம் அட்டையைக் காட்டி இங்கே தானியம் பெற வழி உண்டு. பலருக்கு இது தெரியாது. அதைச் சொல்வதும் ஒரு பிறரன்புப் பணியே.

இவ்வளவு இருந்தும் நாம் ஏன் கேழ்வரகைக் கைவிட்டோம்? சிறைக்குப் போவதையே 'களி தின்பது' என்று சொல்லும் மொழி நம்முடையது. தட்டில் உள்ள நிறத்தைக் கொண்டு மனிதரின் தகுதியை அளந்தோம். வெள்ளைச் சோறு, பிறகு வெள்ளை மைதா. கறுத்த உருண்டை கூலிக்காரனுக்கு. நம் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்த ஐந்து அப்பங்களை யோவான் நற்செய்தி வாற்கோதுமை அப்பங்கள் என்றே குறிக்கிறது. அன்றைய பாலஸ்தீனத்தில் வாற்கோதுமை ஏழைகளின் தானியம். பணம் படைத்தோர் கோதுமை உண்டார்கள். பெயர் தெரியாத ஒரு சிறுவனின் ஏழைத் தூக்குப் போசியிலிருந்தே அந்தப் பெருவிருந்து நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பது பழமொழி. இன்று சிறுதானியம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்போர் பெருகிவிட்டார்கள். கேழ்வரகு ஒரு நல்ல உணவு. அது மருத்துவர் அல்ல. சீலியாக் என்று ஐயம் எழுந்தால் முதலில் பரிசோதனை. அதன் பின்னரே கோதுமையை நிறுத்த வேண்டும். முன்கூட்டி நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் ஒளிந்துகொள்ளும்.

அடுப்படியின் விழிப்பு

சீலியாக் நோயாளிக்குத் துளியளவு குளூட்டனும் தீங்கே. ஆகவே கோதுமை எங்கெல்லாம் மறைந்து நிற்கிறது என்பதை இல்லத்தரசியர் அறிய வேண்டும். ரவையும் சேமியாவும் கோதுமையே என்பது பலர்க்கு நினைவில் வருவதில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலக்கிறார்கள். சாம்பாருக்குப் போடும் ஒரு சிட்டிகையே போதும், பட்டபாடெல்லாம் வீணாகும். 'ராகி பிஸ்கட்', 'ராகி சேமியா' என்று பெயர் இருக்கும். உள்ளே மைதா இருக்கும். பல சத்துமாவுகளில் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் வாற்கோதுமை உண்டு. பொட்டலத்தின் பின்புறச் சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கம் வேண்டும். குளூட்டன் அடங்கிய தானியம், பால், முட்டை, வேர்க்கடலை முதலியவை கலந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. கிலோவுக்கு இருபது மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் அற்றது' என்று போடவும் இயலாது.

மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டினால் இரண்டும் கலந்துவிடும். துப்புரவாக்கிய இயந்திரத்தில், காலையில் முதல் ஆளாய் அரைத்துத் தரும்படி மில்காரரிடம் சொல்லலாம். காரணத்தைச் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. பாட்டியின் திருகை பரண்மேல் இருந்தால் இறக்கிக் கொள்ளலாம். சப்பாத்தி சுட்ட கல்லில் அப்படியே தோசை வார்ப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் ஆகாது.

பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் நம்மிடையே மிகப் பலர். குழந்தைப் பருவம் கடந்ததும் லாக்டோஸைச் செரிக்கும் சுரப்பு குறைவது உலகில் பெரும்பாலோர்க்கு இயல்பே; அதை நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால் பலருக்கு அவை ஒத்துக்கொள்கின்றன. மோர் கலந்த கேழ்வரகுக் கூழ் ஏன் உழவரின் காலை உணவாயிற்று என்பது இப்போது விளங்கும். ஆனால் பாற்புரதத்துக்கே ஒவ்வாமையுள்ள குழந்தைக்குத் தயிரும் மோரும் நெய்யும் ஆகாதவையே. அத்தகைய பிள்ளைக்கு முளைகட்டிய கேழ்வரகை அரைத்து வடித்த ராகிப்பால், முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி ஆகியவற்றால் சுண்ணாம்புச் சத்தைத் தேடலாம். ஒன்றை நினைவிற்கொள்க: ஆறு மாதம் நிறையாத சிசுவுக்குத் தாய்ப்பாலே உணவு, ராகிப்பால் அதற்கு ஈடாகாது. வேர்க்கடலை ஒவ்வாதவர் வீட்டில் சட்டினிக்குப் பொட்டுக்கடலை கைகொடுக்கும். ஆயினும் இரண்டும் பயற்றினமே ஆதலால், சிலருக்கு அதுவும் ஒவ்வாமல் போகலாம். மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நோயுற்றவருக்கு மட்டும் தனியே சமைத்தால், மாற்று உணவு செலவாகும். உண்பவர்க்குத் தனிமையும் தரும். வீடு முழுவதும் அதையே உண்டால் செலவு குறையும், தனிமை மறையும். அந்தச் சிறுமியின் வீட்டில் அதுவே நடந்தது. தந்தையும் தாயும் தம்பியும் சோற்றுக்கும் மடுவாவுக்கும் மாறினார்கள். 'அவளுக்காக' என்று எவரும் சொல்லவில்லை. 'இன்று இதுதான் சாப்பாடு' என்றார்கள். அவ்வளவே.

மாற்ற இயலாத அப்பம்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். திருப்பலிக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாய் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் சட்டம் வரையறுக்கிறது. புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதியில் இதை ஆராய்ந்து கோதுமையையே வலியுறுத்தினார். 2003 ஜூலையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும், 2017 ஜூனில் திருவழிபாட்டுப் பேராயமும் விடுத்த மடல்கள், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்று தெளிவாக்கின. 2004இல் அமெரிக்காவில், சீலியாக் நோயுள்ள ஒரு சிறுமி அரிசி அப்பத்தில் பெற்ற முதல் நற்கருணை செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, திருச்சபை ஒரு குழந்தையை வாசலில் நிறுத்திவிட்டதாக உலகெங்கும் பேசினார்கள்.

நம் வீட்டுப் பந்தியில் கோதுமைக்குப் பதில் கேழ்வரகை வைக்கலாம். பலிபீடத்தில் ஏன் கூடாது? நம் பந்தி நம்முடையது; பலிபீடத்தின் பந்தி அவருடையது. அவர் கையில் எடுத்து, ஆசி கூறி, பிட்டுக் கொடுத்த அடையாளத்தை நாம் பெற்றுக்கொண்டோம், படைத்துக்கொள்ளவில்லை. பெற்றுக்கொண்டதைப் பேணுவது கல்நெஞ்சம் அன்று. நன்றியின் ஒரு வடிவம். ஆயினும் அதே திருச்சபை, அடையாளத்தை மாற்றாமலேயே பிள்ளைக்கு வழியைத் திறந்தும் வைத்திருக்கிறது. அப்பமாகும் அளவுக்கு மட்டும் மிகக் குறைந்த குளூட்டன் உள்ள கோதுமை அப்பத்தை, ஆயரின் இசைவோடு பயன்படுத்தலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கிளைடு நகரில் பெனடிக்டன் அருட்சகோதரியர் பல்லாண்டு முயன்று, 0.01 விழுக்காட்டுக்கும் குறைவான குளூட்டனோடு அத்தகைய அப்பத்தை உருவாக்கினார்கள். அதுவும் ஆகாது என்றால், 925ஆம் சட்டத்தின்படி திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம்.

இங்கே இறையியல் வரலாறு நமக்கு ஓர் இனிய வியப்பை வைத்திருக்கிறது. ஒவ்வொரு வடிவிலும் கிறிஸ்து முழுமையாய் இருக்கிறார் என்று 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அறிவித்தது. அப்ப வடிவில் மட்டும் நற்கருணை பெற்ற பொதுநிலையினர்க்கு எதுவும் குறைவதில்லை என்று விளக்கவே அன்று இக்கோட்பாடு பயன்பட்டது. கிண்ணம் அவர்களுக்குத் தரப்படாமைக்கு அது நியாயம் சொல்லிற்று. இன்று அதே கோட்பாடு, அப்பத்தைத் தொட முடியாத ஒரு சிறுமியிடம் கிண்ணத்தைக் கொடுத்து, 'உனக்கும் எதுவும் குறையவில்லை, மகளே' என்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளாய் இருந்த வாய்மை, மற்றொரு கதவுக்குத் திறவுகோலாயிற்று.

நடைமுறையில் சில கவனங்கள் தேவை. குருவின் கிண்ணத்தில் அப்பத்தின் சிறு துண்டு இடப்படுவதால், இப்பிள்ளைகளுக்கெனத் தனிச் சிறு கிண்ணம் ஒன்றைத் திருப்பலியிலேயே ஒப்புக்கொடுத்து, அப்பம் படாமல் வைக்க வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பமாயின் தனிப் பாத்திரத்தில் வைத்து, பிற அப்பங்களைத் தொடாத கையால் வழங்க வேண்டும். அந்தச் சிறுமி தன் தோழியரோடு அதே வெள்ளாடையில், அதே வரிசையில் வந்தாள். சிறு கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு பருகினாள். அருகில் நின்ற பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள், விலகிப் பார்க்கவில்லை.

ஆக, பலிபீடம் நமக்குக் கற்பிப்பது இதுதான். மாற்ற இயலாத ஓர் அப்பத்தை வைத்துக்கொண்டும், ஒருவரையும் வெளியே நிறுத்தாமலிருக்கத் திருச்சபை வழி தேடுகிறது. அப்படியிருக்க, எதையும் மாற்றக்கூடிய நம் வீட்டுப் பந்தியிலும், ஆலை உணவுக்கூடத்திலும், பங்குத் திருவிழாவிலும் ஒருவரை ஓரத்தில் நிறுத்த நமக்கு என்ன நியாயம்? கொரிந்தில் செல்வர் முந்தி உண்டு, ஏழையர் பசித்திருந்ததைப் பவுலடியார் கடிந்துகொண்டார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கச் சொன்னார். உண்ணும் உணவால் சகோதரனை அழிக்கலாகாது என்று உரோமையருக்கும் எழுதினார். அவர் பேசியது மனச்சான்றைப் பற்றி. ஆனால் வயிற்றுக்கும் அது பொருந்தாதா? மன்னனின் மேசையை மறுத்துப் பருப்பும் காய்கறியும் உண்ட தானியேலும் தோழர்களும் மற்றவரைவிடத் தெளிந்த முகத்தோடு நின்றார்கள். பாலைநிலத்து மன்னா, உண்டவர் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது என்று சாலமோனின் ஞான நூல் வியக்கிறது. விண்ணக உணவே உண்பவனுக்காக மாறியது என்றால், நம் சாம்பாரும் பாயசமும் மாறக் கூடாதா?

பங்குத் திருவிழா அன்பு விருந்துக்குச் செலவு வேண்டாத ஒரு வழியைச் சொல்லலாம். பந்தி விரிக்குமுன், "பால், கோதுமை, கடலை ஆகாதவர் உண்டா?" என்று ஒரு குரல் கேட்கட்டும். ரவைக் கேசரிக்குப் பதில் அரிசிப் பாயசம், பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், பூரிக்குப் பதில் இட்டிலி என்று எல்லாருக்கும் ஒன்றாகவே சமைக்கட்டும். கூட்டுப் பெருங்காயத்தை விட்டுவிட்டுச் சீரகமும் பூண்டும் தாளிக்கட்டும். ஒரு மூலையில் களியும் கொள்ளுச் சாறும் இருக்கட்டும். அதை முதலில் வாங்கிக்கொள்பவர் பங்குப்பேரவைத் தலைவராய் இருக்கட்டும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளியும், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கன்னடரும், நம் ஊர் மூதாட்டியும் அந்த உருண்டையை அவரவர் மொழியில் பெயரிட்டு அழைப்பார்கள்.

அப்போது யாரும் சிரித்து மழுப்பி விலகிப் போக வேண்டியிராது. நாமும் "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?" என்று வற்புறுத்த வேண்டியிராது. இலையைப் போட்டு, "உட்காருங்கள், இது உங்களுக்கும் ஆகும்" என்று சொன்னால் போதும்.